ஒரு மிடறு நீர்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இந்த மேடையிலே வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் எவை என்பதைத் தாங்கள் நன்கறிவீர்கள். அவற்றிடையே சிறுநீரைப் பற்றியும் தொண்டையைப் பற்றியும் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பையும் சிலருக்கு முகச்சுளிப்பையும் உண்டாக்கலாம். தலைவர் அவர்களிடம் பொருளைச் சொன்னபோது அவர் சிறிது யோசித்துவிட்டு, "வீட்டிலை பேசிற விஷயந்தானே தம்பி, இங்கையும் பேசும்" என்றார். வீட்டிலே பேசுவதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

நான் வைத்திய மாணவனல்லன். விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் படிப்பவன். எங்கள் அம்மம்மாவுக்கு ஒன்பது வருடங்களாகப் பார்க்கின்சன் நோய் இருந்து வருகிறது. நடுக்குவாதம் என்று ஊரார் சொல்லுவர். அவரைப் பராமரிக்கும் வீட்டிலே வளர்ந்தவன் என்பதும், விடுமுறைக் காலங்களில் அவருக்கு உணவூட்டுபவன் என்பதுமே எனக்குள்ள தகுதி. ஆதலால் நான் கூறுவனவற்றை வைத்தியர் சொல்லுக்கு ஈடாகக் கொள்ளாமல், வைத்தியரிடம் எவற்றைக் கேட்கவேண்டும் என்பதற்கான குறிப்பாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

1817ஆம் ஆண்டிலே இலண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் வைத்தியர் ஆறு பேரைக் கண்டு ஆராய்ந்து இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நடுக்கத்தையும் குனிந்த நடையையும் மாத்திரம் அவர் எழுதவில்லை. நோய் முற்றும்போது உணவு வாயிலேயே தங்கிவிடுவதையும், விழுங்க முடியாமல் உமிழ்நீர் வழிவதையும், சிறுநீர் வசமின்றிப் போவதையும் குறித்து வைத்தார். இருநூறு வருடங்களுக்குப் பின்னரும் நாம் இந்நோயைக் கைநடுக்கம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். கை நடுங்குவதனால் எவரும் இறப்பதில்லை. இந்நோயாளரின் மரணத்துக்கு முன்னணிக் காரணமாயிருப்பது நிமோனியா. உணவும் உமிழ்நீரும் வழிதவறிச் சுவாசப்பைக்குட் செல்வதே பெரும்பாலும் அதற்கு அடி. சிறுநீர்த் தொற்றோ அவர்களை அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. பாரிசவாதம் வந்தவர்களுக்கும் இவை பெரிதும் பொருந்தும்.

இவ்விரண்டையும் வெவ்வேறு தொல்லைகளாகவே எங்கள் வீடு நெடுங்காலம் எண்ணியிருந்தது. தொண்டைக்கு ஒரு வைத்தியம், சலத்துக்கு ஒரு வைத்தியம். உண்மையில் இவை ஒரே கயிற்றின் இரு முனைகள். நடுவிலே முடிச்சாக இருப்பது தண்ணீர். தண்ணீர் குடித்தால் நோயாளிக்குப் புரைக்கேறுகிறது. அவர் பயந்து குடிப்பதைக் குறைக்கிறார். இரவில் பாய் நனைகிறது. வீட்டார் சலித்து, "பின்னேரத்துக்குப் பிறகு தண்ணி குடுக்காதை பிள்ளை" என்கின்றனர். தண்ணீர் குறையவே சிறுநீர் தடித்துச் சிறுகுகிறது, மலம் இறுகுகிறது, இறுகிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்கி அது முற்றாக வெறுமையாவதைத் தடுக்கிறது. தேங்கிய நீரிலே கிருமி பெருகுகிறது. தொற்று வந்ததும் நோயாளி சோர்ந்து தூங்குகிறார். தூக்கக் கலக்கத்தில் விழுங்குதல் மேலும் கெடுகிறது. இன்னும் குறைவாகக் குடிக்கிறார். இவ்வாறு சுற்றிக்கொண்டே போகும் செக்கு இது. இருவருமே அன்பினாற் செய்கின்ற காரியம் என்பதனால் இதை நிறுத்துவதும் கடினம்.

முதலில் தொண்டையைப் பார்ப்போம். நாம் ஒரு நாளில் பல நூறு தடவை விழுங்குகிறோம். ஒன்றையேனும் நினைத்துச் செய்வதில்லை. காற்று செல்லும் வழியும் சோறு செல்லும் வழியும் தொண்டையிலே ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இப்படி ஒரு சந்தியை அமைத்தது எவ்வளவு அபாயமான வேலை என்று விலங்கியல் வகுப்பில் எனக்குத் தோன்றுவதுண்டு. விழுங்கும் அந்த ஒரு விநாடி அளவான நேரத்தில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்நாண்கள் இறுக மூடுகின்றன, கவளம் பின்னால் இறங்குகிறது. பார்க்கின்சன் நோயில் இந்த ஒழுங்கு மந்தமாகிவிடுகிறது. சோறு மெல்ல நகரும். நா அதைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரோ காத்திராது. கதவு மூடுமுன் ஓடிவிடும். கெட்டியான உணவு கடினம், தண்ணீர் இலகு என்று நாம் எண்ணுவது இங்கே தலைகீழாகிவிடுகிறது.

"இருமல் வரேல்லைத்தானே, அப்ப சரியாத்தான் விழுங்கிறா" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இருமல் காவற்காரன், நோயில் காவற்காரனும் உறங்கிவிடுவான். சத்தமில்லாமலே நீர் சுவாசக் குழாய்க்குள் இறங்குவதுண்டு. நோயாளியிடம் கேட்பதாலும் பயனில்லை. 2012இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, விழுங்கக் கடினமாயிருக்கிறது என்று தாமே சொன்னவர்கள் நூற்றுக்கு 35 பேரளவு. கருவிகொண்டு சோதித்தபோது குறை காணப்பட்டவர்கள் நூற்றுக்கு 80 பேருக்கும் மேல். ஆகவே பார்க்கவேண்டியவர் பக்கத்திலிருப்பவரே. குடித்தபின் குரல் நீர் நிறைந்ததுபோலக் கொளகொளவென்று மாறுகிறதா? உண்டு முடித்தபின் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா? முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த சாப்பாடு ஒரு மணி நேரமாகிறதா? மாதத்துக்கு மாதம் உடம்பு மெலிகிறதா? காரணம் தெரியாத காய்ச்சலும் சளியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே வைத்தியரிடம் சொல்லி, பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பும்படி கேட்கவேண்டும். பேச்சைத் திருத்துபவருக்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் மாமா கேட்டார். பேசுவதும் விழுங்குவதும் ஏறக்குறைய அதே தசைகளாலேதான். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் இத்துறையில் பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது.

நம்மவர் வழக்கங்களில் இரண்டைக் குறித்துச் சொல்லவேண்டும். மூக்குப்பேணியை உயர்த்தி, உதடு படாமல், அண்ணாந்து குடிப்பது நம் முதியோரின் ஆசாரம். ஆரோக்கியமானவருக்கு அது அழகு. இந்நோயாளிக்கு அது ஆபத்து. தலை பின்னே சாய்ந்தால் காற்றுவழி திறந்து நிற்க, நீர் தன் பாரத்தினாலேயே உள்ளே விழும். அம்மம்மா இவ்வழக்கத்தை விடப் பெரிதும் மறுத்தார். அவருக்கென்று தனிப்பேணி ஒன்று வைத்து, எவரும் அதைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பின்னரே உதடு வைத்துக் குடிக்க இசைந்தார். மற்றது, படுக்கையில் சாய்த்து வைத்தே ஊட்டுவது. நேராக உட்கார்த்தி, பாதம் நிலத்தில் பதிய வைத்து, எதிரே நாமும் உட்கார்ந்து ஊட்டவேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி நம் முகத்தைப் பார்க்க அண்ணாந்துவிடுவார். சிறு கரண்டியளவு, குரல்வளை ஏறி இறங்கியதைக் கண்டபின் அடுத்த கரண்டி. உண்டபின் அரைமணி நேரம் படுக்க விடலாகாது. நாடியை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கும் முறை சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும்.

நம் உணவுகளிலே உதிர்வனவும் இரு தன்மை கலந்தனவும் தொல்லை தருபவை. புட்டு வாயிலே சிதறும். வடை, முறுக்கு, கச்சான் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர்ச் சொதியை ஊற்றிய சோறு மெதுவானது என்று எண்ணுகிறோம். அதில் நீர் முன்னே ஓட, பருக்கை பின்னே நிற்கும். ஒடியற் கூழும் அத்தகையதே. இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவிட்டு மசித்தால் நன்றாகப் போகிறது. நன்கு குழைந்த சோறும் பருப்பும், வடிகட்டிய கஞ்சி, தயிர், கனிந்த வாழைப்பழம் மசித்தது ஆகியன எங்கள் வீட்டின் அனுபவம்.

தண்ணீரைச் சற்றுத் தடிப்பாக்கிக் கொடுக்கும்படி சிலருக்குச் சொல்லப்படும். எவ்வளவு தடிப்பு என்பதில்தான் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு கணக்கு. இதற்குச் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட ஓர் எளிய சோதனை உண்டு. ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, நுனியை விரலால் அடைத்து, 10 வரை பானத்தை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்கவேண்டும். தண்ணீரானால் ஏதும் மீதியிராது. 1 முதல் 4 வரை மீந்தால் முதற்படி, 4 முதல் 8 வரை மீந்தால் இரண்டாம்படி, 8க்கு மேல் மீந்தும் சொட்டிக்கொண்டிருந்தால் மூன்றாம்படி. அளவுகோடு 0 முதல் 10 வரை 61.5 மில்லிமீற்றர் நீளமுள்ள சிரிஞ்சாக இருத்தல் வேண்டும். சிரிஞ்ச் அளப்பதற்கு மாத்திரமே. அதனால் வாய்க்குள் பீச்சிக் குடிப்பாட்டுவது மிகத் தவறு. மாவுச்சத்தால் தடிப்பாக்கிய பானம் உமிழ்நீர் கலந்தால் மீண்டும் நீர்த்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். எச்சில் பட்ட கரண்டியைப் பாத்திரத்தில் இடுவதே போதும். இன்னொன்று: தடித்த நீர் எவருக்கும் பிடிப்பதில்லை. பிடிக்காததனால் குடிப்பது குறைந்தால் செக்கு மறுபடி சுழலத் தொடங்கிவிடும். ஆதலால் ஒருவர் சொல்லாமல் நாமாகத் தடிப்பாக்கத் தொடங்கவேண்டாம்.

வாயைச் சுத்தமாக வைத்திருப்பது மருந்துக்கு ஒப்பானது. வழிதவறிப் போகும் உமிழ்நீரோடு வாயிலுள்ள கிருமியும் போவதால்தான் நிமோனியா எழுகிறது. பல்லில்லாதவருக்கும் ஈறு, நா, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைக் காலையும் இரவும் துடைக்கவேண்டும். வெற்றிலை போடும் ஆச்சிமார் உள்ள வீடுகளில் இது இருமடங்கு அவசியம்.

இனி மற்ற முனைக்கு வருவோம். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். ஆண்களுக்கு ஏறக்குறைய 20. குடலில் வாழும் கிருமி பெண்களை இலகுவில் அணுகுவதற்கு இதுவே காரணம். சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாகவே துடைக்கவேண்டும் என்பதும் இதனாலேயே. ஆண்களுக்கோ முதுமையில் வீங்கும் முன்னிற்குஞ் சுரப்பி வழியை நெருக்கி நீரைத் தேக்கிவிடுகிறது. இரண்டு அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அவர் கேட்குமுன்பே அழைத்துச் சென்று இருத்துவது நல்லது. சலம் போனபின் உடனே எழுப்பாமல், சற்று முன்னே குனியச் சொல்லி இரண்டொரு நிமிடம் பொறுத்தால் எஞ்சியதும் போகும். ஒரு நாளைக்கு 6 முதல் 8 தம்ளர் நீர் என்பது பொதுவான அளவு. இருதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவருக்கு வைத்தியர் சொல்லும் அளவே அளவு. அந்நீரின் பெரும்பகுதியைக் காலையிலிருந்து மாலைக்குள் கொடுத்துவிட்டால் இரவில் பாய் நனைவது குறையும். எங்கள் அம்மா விடியற்காலையில் ஒரு போத்தலில் அன்றைய நீரை அளந்து வைப்பார். மாலையில் போத்தலைப் பார்த்தாலே போதும், ஒருவரையொருவர் கேட்கவேண்டியதில்லை.

தொற்று வேஷமிட்டுக்கொண்டு வருகிறது என்பதே இங்கு அறியவேண்டிய பெரிய காரியம். சென்ற வருடம் ஒரு நாள் அம்மம்மா திடீரென்று முற்றத்திலே சிறுபிள்ளைகள் நிற்பதாகச் சொன்னார். அம்மாவைத் தம் தமக்கை பெயர் சொல்லி அழைத்தார். முதல்நாள் கைத்தாங்கலாக நடந்தவர் அன்று எழும்பவே முடியாமல் விறைத்துக் கிடந்தார். காய்ச்சல் இல்லை, எரிகிறது என்று சொல்லவுமில்லை. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "வருத்தம் முத்திப்போச்சு, இனி மூளைக்கு ஏறியிட்டுது" என்றார். இன்னொருவர் நூல் கட்டச் சொன்னார். அம்மா மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "நேற்று வரை நல்லாயிருந்த மனிசி. ஒரு நாளிலை இப்பிடி ஆகாது." மூளையின் தேய்வு மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நகர்வது, ஒரு நாளில் வந்த மாற்றத்துக்கு ஒரு நாளில் வந்த காரணம் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் தர்க்கம். எந்தத் தர்க்க நூலிலும் இதைவிடச் சீரான வாதத்தை நான் படித்ததில்லை. சிறுநீரைச் சோதித்ததில் தொற்று இருந்தது. மருந்து தொடங்கிய சில நாட்களில் முற்றத்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள்; அம்மம்மா எங்களிடம் திரும்பி வந்தார்.

ஆனால் இக்கதையைக் கேட்டுவிட்டு, தடுமாற்றம் என்றாலே சலத்தொற்று என்று முடிவு கட்டலாகாது. நீர் வற்றுதல், மலச்சிக்கல், நிமோனியா, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவையும் இதே வேஷத்தில் வரும். மறுபுறம், முதியோர் பலரின் சிறுநீரிலே எந்த நோயுஞ் செய்யாமல் கிருமி குடியிருப்பதுண்டு. மணம் மாறியது, கலங்கியது என்பதற்காக மாத்திரம் அன்ரிபயோட்டிக் கொடுப்பதனால் நன்மையில்லை. குணங்குறியும் சோதனையும் சேர்ந்தே பேசவேண்டும். மருந்து தொடங்குமுன்பே இடைநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்து, இரண்டு மணித்தியாலத்துள் ஆய்வுகூடத்திற் சேர்க்கவேண்டும். இயலாவிடின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பது அதிலிருந்து தெரியவரும். சென்றமுறை எஞ்சிய குளிசையைக் கொடுப்பதும், பாமசியில் பெயர் சொல்லி நான்கு குளிசை வாங்குவதும் நம்மூரில் சர்வசாதாரணம். அரைகுறையாக அடிபட்ட கிருமி அடுத்தமுறை எந்த மருந்துக்கும் அசையாமல் வருமேல் அது அவ்வீட்டோடும் நில்லாது. நடுக்கத்தோடு கூடிய காய்ச்சல், இடுப்பின் பின்புறத்து வலி, வேகமூச்சு, எழுப்ப முடியாத தூக்கம், சலம் போகாமை இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்கவேண்டும்.

கதீற்றர் எனப்படும் சலக்குழாய் போட்டவர்களுக்கு, ஒரு மாதமளவில் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி காணப்படும். அதைக் கண்டு பதறவேண்டாம். பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, நிலத்தில் முட்டாமல் தொங்கவிடுங்கள். தொடுமுன்னும் பின்னும் கை கழுவுங்கள். இக்குழாய் இன்னமும் தேவைதானா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பார்க்கின்சன் நோயாளரைப் பற்றி இன்னுமொரு முக்கிய செய்தி. லெவோடோபா என்னும் குளிசை வேலை செய்யும் நேரத்தில் தொண்டையும் ஓரளவு நன்றாக வேலை செய்யும். அந்நேரம் பார்த்து உணவு கொடுக்கவேண்டும். நேரந் தவறினாலும், ஆஸ்பத்திரியில் விழுங்க முடியாதென்று திடீரென நிறுத்தினாலும் உடல் விறைத்து ஆபத்தாகும். மாற்று வழியை உடனே கேட்கவேண்டும். மெதுவாகக் கரையும் வகைக் குளிசையை இடித்துக் கொடுக்கலாகாது. வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்பிரமைட் இந்நோயை மோசமாக்கும். சலம் அடக்குவதற்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் மனத்தடுமாற்றம் தரும். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி, நோயாளியோடு எங்கு போனாலும் கொண்டுபோங்கள். தமிழிலேயே எழுதுங்கள், மருந்தின் பெயரைத் துண்டிலிருந்து பார்த்து ஒட்டிவிடலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியத்தையே தமிழிற் கற்பித்தார். நம் பாட்டியின் சலத்தைப் பற்றித் தமிழில் எழுத நாம் கூசுவதற்கு நியாயமில்லை.

பெரியோர்கள் அனுமதித்தால் ஆசாரம் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியைப் பார்க்க வருவோர் சோடாவும் பிஸ்கற்றும் கொண்டுவந்து, அன்போடு தம் கையாலேயே ஊட்டிவிட விரும்புகின்றனர். வீட்டார் மறுக்கக் கூசுகின்றனர். எங்கள் வீட்டுக் கதவில், "கதையுங்கள், ஊட்டவேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். சிலர் மனம் நொந்தார்கள், பின்பு பழகிவிட்டது. கோயில் தீர்த்தத்தை உதட்டிலே தொட்டுவைத்தாற் போதும். கந்தசட்டிக்கு நீருமின்றி விரதமிருப்பேன் என்று அம்மம்மா அடம்பிடித்தபோது, எங்கள் ஐயர் வீட்டுக்கே வந்து, "நோயாளிக்கு விரதம் விலக்கு, நீங்கள் கதையைக் கேட்டாற் காணும்" என்றார். எங்கள் ஒருவர் சொல்லுக்கும் இணங்காதவர் அதற்கு இணங்கினார். குருக்கள்மார் இவ்வுதவியை ஏனைய வீடுகளிலும் செய்யலாம்.

இறுதியாக என் வயதொத்த சகோதரர்களுக்கு. இவ்வேலைகள் யாவும் நம் வீடுகளில் அம்மாவின் தலையிலோ மாமியின் தலையிலோதான் விழுகின்றன. இருத்துவதும் கழுவுவதும் பெண்ணுக்குப் பெண் செய்யவேண்டியவை எனலாம். அம்மம்மாவின் விருப்பமும் அதுவே. ஆயின் ஒரு நேரச் சாப்பாடு ஊட்ட முக்கால் மணி நேரம் செல்கிறது, ஒரு நாளில் மூன்று நேரம். அதில் ஒரு நேரத்தை எந்த ஆண்பிள்ளையும் ஏற்கலாம். தாத்தாமார் படுத்திருக்கும் வீடுகளிலே மற்றதையும் ஏற்கலாம்.

குழாய்வழி உணவு கொடுப்பதா என்ற கேள்வி ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வரும். குழாய் போட்டாலும் உமிழ்நீர் வழிதவறுவது நிற்பதில்லை என்பதனால், அது எளிய கேள்வியல்ல. அம்மம்மா தெளிவாக இருக்கும் காலைப்பொழுதொன்றில் அவரிடமே அம்மா கேட்டுவைத்திருக்கிறார். அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டுக்குரியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அவர்கள் பேசக்கூடிய காலத்திலேயே கேட்டுவையுங்கள்.

சிரிஞ்ச் இரண்டும், மூன்று பதத்தில் வடித்த கஞ்சியும் கொண்டுவந்து பின்னாலுள்ள மேசையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விரும்பியவர்கள் வந்து தங்கள் கையாலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம்.